தாமதமான லோகநாதன்

வேலூரில் கோட்டை அகழிக்குத் தெற்கே ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் அயல்மொழிச் சட்ட ஆவண ஒப்புமை அலுவலகம் இருந்தது. அதன் பதினான்காவது விதி இது: ஓர் அயல்மொழியிலிருந்து இன்னோர் அயல்மொழிக்கு எந்த ஆவணமும் நேராகப் போகக் கூடாது. முதலில் ஆங்கிலத்துக்கு வரவேண்டும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இறங்கவேண்டும். அதன் பிறகுதான் போகவேண்டிய மொழிக்குப் போகலாம். காரணமும் கீழேயே அச்சிடப்பட்டிருந்தது: 'இரண்டு அயலார் நம் மண்ணில் நின்றுகொண்டு நமக்குத் தெரியாமல் பேசிக்கொள்வதைத் தவிர்க்கும் பொருட்டு.'

1984 மார்ச் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து ஐந்துக்கு சாவித்திரி அந்த மாடிப்படி ஏறினாள். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அமிர்தவள்ளி ஒரு நீளமான பதிவேட்டைத் திருப்பி வைத்தாள்.

"பேரு, வந்த நேரம், போன நேரம். பத்து மணிக்கு மேல வந்தா கடைசி கட்டத்தையும் ரொப்பணும்."

கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'தாமதத்துக்குக் காரணம்'. சாவித்திரி 'ஆம்பூர் பஸ்' என்று எழுதிவிட்டு உள்ளே போனாள்.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனியில் மெஷின் வேலை. கணவன் லோகநாதன், விரிஞ்சிபுரத்துக்காரன், தோல் பதனிடும் ஷாப்பில், சாயம் ஏற்றும் கலர் மாஸ்டர். தோலைத் தொட்டுப் பார்த்தே எத்தனை மணி நேரம் சாய டிரம்மில் சுற்றியது என்று சொல்லிவிடுவான். எழுபத்தேழில் போர்த்துகல் தேசத்துத் தோல் கம்பெனி ஒன்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. எழுபத்தொன்பது ஆகஸ்டில், டிரம்மின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்த நாட்டில் அப்போது எரிப்பதற்கு இடம் கிடையாது. புதைத்துவிட்டார்கள்.

அந்த ஊர்க் கல்லறையில் ஒரு வழக்கம். ஐந்து வருஷம் ஆனதும் குழியைத் திறப்பார்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் எலும்பைக் கொடுப்பார்கள். யாரும் கேட்காவிட்டால் பொதுக்குழியில் கொட்டிவிடுவார்கள். லோகநாதனின் குழிக்கு நாள் ஆகஸ்ட் முப்பத்தொன்று. அவனுடன் வேலை பார்த்த ஆம்பூர் ரஃபி அகமது இதை விவரமாக எழுதி, ஊராட்சியின் நோட்டீஸையும் கூடவே வைத்து அனுப்பியிருந்தான்.

'அக்கா, நீங்கதான் அவர் சம்சாரம்னு அவங்க பாஷைல காகிதம் கேக்கறாங்க. வந்தா நான் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு ஊருக்குக் கொண்டுவர்றேன்.'

சாவித்திரிக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த எலும்பு விரிஞ்சிபுரத்துப் பாலாற்றில் கரையவேண்டும். முன்பின் தெரியாத முந்நூறு பேரோடு ஒரே குழியில் கிடக்கக் கூடாது.

அவளுக்குக் கல்யாணம் நடந்தது பாண்டிச்சேரியில். அப்பாவுக்கு அங்கே மில்லில் வேலை. கல்யாணம் பதிவானது பிரெஞ்சுப் பதிவேட்டில். ஆகவே பாண்டிச்சேரிக்குப் போய்ப் பழைய பதிவின் நகலை வாங்கினாள். அதில் லோகநாதன் பதற்றத்தில் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டிருந்தான். ஒரு வயதான நொத்தேர், அதாவது பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம் எழுதுபவர், 'இந்த அம்மாள் இன்னாரின் விதவை' என்று பிரெஞ்சிலேயே ஒரு சான்று எழுதி, வட்ட முத்திரை குத்திக் கொடுத்தார். பழக்கதோஷத்தில் இரண்டு பிரதி கொடுத்தார்.

ஒப்புமை அலுவலகத்தில் கோதண்டபாணி என்பவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் 'பிரெஞ்சுப் பிரிவு' என்று ஒரு பலகை.

"சார், இது பிரெஞ்சுக் காகிதம். போர்த்துகீஸ்ல வேணும்."

"பிரெஞ்சை மட்டும் என்கிட்ட சொல்லும்மா. போர்த்துகீஸை மத்தியானம் இங்க உக்கார்றவர்கிட்ட சொல்லு."

"அவர் யாரு சார்?"

"நான்தான்."

சாவித்திரி அவரைப் பார்த்தாள். அவர் பலகையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் 'போர்த்துகீசியப் பிரிவு' என்று இருந்தது. ஒரு மணி வரை அவர் பிரெஞ்சுப் பிரிவு. இரண்டு மணியிலிருந்து போர்த்துகீசியப் பிரிவு. பிரெஞ்சைத் தபால்வழிப் பாடமாகப் படித்தவர். போர்த்துகீசியத்துக்கு, கோவாவில் நான்கு நாள் தங்கியிருக்கிறார்.

"அப்போ காலைல படிச்சத மத்தியானம் எழுதிடலாமே சார்?"

"எப்படிம்மா முடியும்? காலைல இருக்கறவர் மத்தியானம் இருக்கறவருக்குக் குறிப்பு எழுதணும். அது தலைமை அலுவலர் ரூமுக்குப் போய், பதிவாகி, திரும்பி வரணும். ஒம்பது நாள் ஆவும். இன்னொரு பிரிவோட ஃபைலை நான் பாக்கறது தப்பு."

சாவித்திரி கல்யாணப் பதிவையும் ஒரு பிரதி சான்றையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

மார்ச் இருபத்திரண்டாம் தேதி போனபோது கோதண்டபாணி ஒரு தடித்த அகராதியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் இன்னா வேலை பாத்தாரு?"

"கலர் மாஸ்டர் சார்."

"நெருப்பு சம்பந்தமா ஒண்ணும் இல்லியே?"

"இல்ல சார்."

"அப்போ இதுல ஏன் 'நெருப்பு லோகநாதன்'னு எழுதியிருக்கு?"

நொத்தேர் லோகநாதன் பெயருக்கு முன்னால் 'ஃபெ' என்றொரு சொல் போட்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு நெருப்புக்கும் அதே எழுத்து, இறந்துபோனவருக்கும் அதே எழுத்து. கோதண்டபாணியின் அகராதியில் முதலில் இருந்தது நெருப்பு. தபால்வழிப் பாடம் இரண்டாவது பொருள் வரைக்கும் போகவில்லை.

"செத்துட்டார்னு அர்த்தமா இருக்கும் சார். அதான் எனக்கு விதவைன்னு போட்டிருக்கே."

"அர்த்தத்த நீ சொல்லக் கூடாதும்மா. நெருப்புன்னு வந்துட்ட பிறகு தீயணைப்பு நிலையத்துலேருந்து ஆட்சேபணை இல்லைன்னு கடிதம் வேணும்."

சாவித்திரி பக்கத்திலிருந்த தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் மனுவை இரண்டு தரம் படித்தார், அவள் முகத்தை ஒரு தரம் படித்தார். பிறகு சிரிக்காமல் எழுதிக் கொடுத்தார்: 'லோகநாதன் என்ற பெயரில் இந்த எல்லைக்குள் எந்தத் தீயும் எரியவில்லை.'

அதை வைத்துக்கொண்டு கோதண்டபாணி அகராதியில் அடுத்த வரிக்குப் போனார். ஆங்கிலத்தில் 'லேட்' என்று குறித்தார். சாவித்திரிக்கு உயிர் வந்தது. கல்யாணப் பத்திரிகையிலேயே செத்துப்போன பாட்டன் பேருக்கு முன்னால் 'லேட்' போடுகிற ஊர் இது. இனி பேஜார் இல்லை என்று நினைத்தாள்.

ஏப்ரல் பதினாறாம் தேதி அவளைத் தலைமை ஒப்புமை அலுவலர் அரங்கநாதன் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தமிழ்ப் படி அவர் கையில் இருந்தது. உரக்கப் படித்தார்.

"'சாவித்திரி ஆகிய இவர், தாமதமான லோகநாதனின் விதவை ஆவார்.' சரியா இருக்குதாம்மா?"

"தாமதமானவர் இல்ல சார். செத்துப்போனவர். லேட்டுன்னா அதான்."

"லேட் என்றால் தாமதம். அரசுச் சொல்பட்டியல், பக்கம் நூற்றுப்பத்து."

"பத்திரிகைல எல்லாம் போடறாங்களே சார்."

"பத்திரிகை அடிக்கிறவன் போடுவதை அரசு ஏற்க முடியாதும்மா."

"அப்படின்னா காலஞ்சென்ற லோகநாதன்னு போடுங்க சார். நல்ல தமிழ்தானே?"

அரங்கநாதன் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் வெற்றி தெரிந்தது.

"காலம் சென்றுவிட்டது என்றால் என்ன பொருள்? நேரம் கடந்துவிட்டது. நேரம் கடந்தால் அதற்குப் பெயர் தாமதம். நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்."

"அப்போ நான் எப்படி சார் விதவை ஆனேன்?"

"அது பத்தி ஒன்று, உங்கள் நிலை. தாமதம் பத்தி இரண்டு, அவர் நிலை. ஒன்றோடொன்றைக் குழப்பாதீர்கள். இந்த அலுவலகம் பதினோரு வருடமாக நடக்கிறது. இதுவரை எங்கள் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை என்று எந்த நாட்டிலிருந்தும் புகார் வந்ததில்லை. ஏன் தெரியுமா?"

"ஏன் சார்?"

"இதுவரை எதையும் நாங்கள் வெளியே அனுப்பியதில்லை. அவ்வளவு கவனம்."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "பாருங்கம்மா, உங்க பேரே சாவித்திரி. அந்த அம்மாள் எமனோடு வாதாடிப் புருஷனை மீட்டவள். நாங்கள் வாதமே இல்லாமல் ஒரே வார்த்தையில் மீட்டுக் கொடுத்திருக்கிறோம். நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள்."

"அந்தம்மா எதிர்ல நின்னது எமன் சார். ஆள் ஒருத்தர், காலைலயும் அவர்தான், மத்தியானமும் அவர்தான். எனக்கும் அப்படி ஒரு ஆளக் காட்டுங்க, நானும் வாதாடிக்கறேன்."

அரங்கநாதன் அதைக் கோப்பில் குறித்துக்கொள்ளவில்லை. தாமதமான நபர் தம் தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி நேரில் வந்து விண்ணப்பம் தரவேண்டும் என்று மட்டும் குறித்துக்கொண்டார்.

மே மாதம் முழுக்க அலைச்சல். ஜூன் முதல் வாரத்தில், ஒரு மத்தியானம், போர்த்துகீசியப் பிரிவாக இருந்த கோதண்டபாணி வரைவைக் காட்டினார். தொடக் கூடாது, பார்க்கலாம். சாவித்திரி ஷூவின் அடியில் சைஸும் ஊரும் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பார்த்தே ஆங்கில எழுத்துக்களைப் படித்தவள். லோகநாதன் பெயருக்கு முன்னால் இருந்த சொல்லை மட்டும் எழுத்து எழுத்தாக உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் டீ நேரத்தில், பக்கத்து மெஷின் குர்ஷித் அதைக் கூட்டிப் படித்தாள்.

"அத்...ர...சாதோ. அதிரசமா? இன்னாக்கா, உன் ஆளை வெல்லம் போட்டு சுட்டுட்டாங்களா?"

சாவித்திரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து வருஷத்தில் லோகநாதனை நினைத்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சொல்லை ரஃபிக்கு எழுதிக் கேட்டாள். ஜூன் கடைசியில் பதில் வந்தது.

'அக்கா, இத அனுப்பிடாதீங்க. இங்க இதுக்கு பஸ்ஸ விட்டவன்னும் அர்த்தம், புத்தி மந்தம்னும் அர்த்தம். டிரம்காரங்க படிச்சுட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் யாரைப் பத்தின்னு சொன்னேன், தொப்பியக் கழட்டிட்டாங்க. இன்னொரு விசயம். இந்த ஊர்ல பாதிப் பேர் பிரான்சுல கட்டட வேலை பாத்தவங்க. கல்லறை ஆபீஸ் கிளார்க்கே பன்னெண்டு வருசம் அங்க செங்கல் அடுக்கினவர். அசல் பிரெஞ்சுலதானே இருக்கு, எதுக்கு மாத்தறீங்கன்னு கேக்கறார்.'

சாவித்திரி அன்று சாயங்காலம் குர்ஷித்தைக் கூட்டிவைத்து இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று பாண்டிச்சேரிச் சான்றின் இரண்டாவது பிரதி. மற்றது போர்த்துகல் நோட்டீஸ். ரஃபி தன் கடிதத்தில் நோட்டீஸின் சொற்களுக்குத் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தான்; சான்றின் சொற்களை நொத்தேர் சொல்லியிருந்தார். விதவை என்பதற்கு ஒன்றில் 'வெவ்', மற்றதில் 'வியூவா'. புருஷனுக்கு ஒன்றில் 'மாரி', மற்றதில் 'மரீதோ'. பாஷை தெரியாத அவள் கண்ணுக்கே அவை அக்கா தங்கச்சி மாதிரி இருந்தன.

"பாரேன் குர்ஷித், ரெண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரங்க. ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்கு நல்லா வெளங்குது. இவங்கதான் குறுக்க நின்னுக்கிட்டு, இரு இரு, நான் கேட்டுச் சொல்றேன்னு..."

"அனுப்பிடுக்கா. ஜாஸ்தி இன்னா பண்ணிடுவாங்க?"

"தாமதமாக்கிடுவாங்க."

"அதான் ஏற்கெனவே பண்ணிட்டாங்களே."

ஜூலை நான்காம் தேதி, ஆம்பூர் தபாலாபீஸில், சாவித்திரி அந்த இரண்டாவது பிரதியை ஒரு மாற்றமும் இல்லாமல் ரிஜிஸ்தர் தபாலில் போர்த்துகலுக்கு அனுப்பினாள். கூடவே தமிழில் இரண்டு வரி. 'அவர் என் வீட்டுக்காரர். அவரை அனுப்பி வையுங்கள்.' அதே கையோடு ஒப்புமை அலுவலகத்துக்கும் ஒரு கார்டு போட்டாள்.

'ஐயா, காகிதத்தை நானே நேராக அனுப்பிவிட்டேன். தங்களுக்கு இனிச் சிரமம் வேண்டாம். என் கல்யாணப் பதிவைத் திருப்பித் தரவும்.'

அலுவலகம் பதினோரு வருடத்தில் முதல்தடவையாக அவசரப்பட்டது. மூன்றே நாளில் குறிப்பாணை வந்தது. இரண்டு அயல்மொழிகளை நேராகச் சந்திக்கவைத்தது விதி பதினான்கை மீறிய செயல். கல்யாணப் பதிவு பறிமுதல் செய்யப்பட்டு அலுவலகக் காவலில் வைக்கப்படும். அக்டோபர் பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்குக் கணவன் மனைவி இருவரும் நேரில் ஆஜராகி விளக்கம் தரவேண்டும். தாமதமான லோகநாதன் வரத் தவறினால், அவர் இல்லாமலே ஆணை பிறப்பிக்கப்படும்.

குர்ஷித் அந்தக் காகிதத்தைப் படித்து, மடித்து அவளிடம் நீட்டினாள். பிறகு, "அவரையும் கூட்டிட்டுப் போய்டலாம்க்கா," என்றாள்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி அங்கே குழியைத் திறந்தார்கள். செங்கல் அடுக்கின கிளார்க் பிரெஞ்சுக் காகிதத்தை ஒரு தடவை படித்து, பின்பக்கம் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரஃபியிடம் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. அக்டோபர் பதின்மூன்றாம் தேதி ரஃபி அகமது ஆம்பூர் வந்து இறங்கினான். தன் துணிமணிகளை ஒரு கோணிப் பையில் திணித்துக்கொண்டு, சூட்கேஸ் முழுக்கவும் எலும்பு வைத்த பெட்டிக்கே விட்டிருந்தான். முழ நீளத் துத்தநாகப் பெட்டி. மேலே ஒரு பித்தளைத் தகட்டில் பெயர், பிழையில்லாமல்.

"கனமே இல்லக்கா," என்றான். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி அவளிடம் கொடுத்தான்.

பதினைந்தாம் தேதி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சாவித்திரி பஸ்ஸில் வேலூர் போனாள். பக்கத்தில் குர்ஷித். அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு பத்து. அமிர்தவள்ளி பதிவேட்டைத் திருப்பி வைத்தாள்.

"போகும்போது எழுதறேன்மா," என்றாள் சாவித்திரி. அமிர்தவள்ளி பெட்டியைப் பார்த்தாள், தகட்டைப் படித்தாள், முக்காலியிலிருந்து எழுந்து வழி விட்டாள்.

அரங்கநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணிக்கு வரச் சொன்னால் பன்னிரண்டே காலுக்கு வருகிறீர்கள். கணவர் எங்கே?"

சாவித்திரி மனுதாரர் நாற்காலியில் பெட்டியை வைத்தாள். தான் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"வந்திருக்கார் சார். நீங்க எழுதின மாதிரியே கொஞ்சம் தாமதம்."

அரங்கநாதன் தகட்டில் இருந்த பெயரைப் படித்தார். நாற்காலியோடு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"இது... இதை முதலில் எடும்மா."

"எடுக்கறதுக்கு எந்த விதி சார்? நேர்ல வரணும்னீங்க, வந்துட்டார். ஏன் லேட்டுன்னு கேக்கணும்னீங்க, கேளுங்க. அவரே பதில் சொல்லட்டும்."

"கோதண்டபாணி!"

கோதண்டபாணி எட்டிப் பார்த்தார். பெட்டியைப் பார்த்ததும் தன் மேசைக்குத் திரும்பி, மணி பன்னிரண்டரை கூட ஆகாதபோதே பலகையைத் திருப்பினார். "நான் போர்த்துகீசியப் பிரிவு சார். இது காலையில் வந்த கேஸ்."

"போர்த்துகல்லேருந்து நேரா வந்திருக்கார் சார்," என்றாள் குர்ஷித். "உங்களத்தான் பாக்க வந்தாரு."

கோதண்டபாணி பலகையை மறுபடி திருப்பப் போய், பாதியில் கையை எடுத்துவிட்டார். பலகை எந்தப் பிரிவும் இல்லாமல் ஓரமாக நின்றது.

அரங்கநாதன் குரலைக் கூட்டினார். "இது அரசு அலுவலகம். வேண்டுமானால் மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே காத்திருங்கள். ஒன்பது நாளில்..."

"காத்திருப்பார் சார். அஞ்சு வருசம் காத்திருந்தவர். அவருக்கு இப்ப அவசரமே இல்ல. இங்கயே இந்த நாற்காலில உக்காந்திருப்பார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் போறேன்."

அவள் திரும்பி வாசல்வரை நடந்தும் விட்டாள்.

"இந்தாம்மா! நில்லும்மா! என்னதான் வேணும் உனக்கு?"

"மொதல்ல என் கல்யாணக் காகிதம். ரெண்டாவது, அந்தத் தமிழ்ப் படில தாமதமானங்கறத அடிங்க. அடிச்சிட்டு, மேல என்ன எழுதணும்னு உங்களுக்கே தெரியும்."

"திருத்தம் செய்ய விதி..."

சாவித்திரி வாசலிலிருந்து திரும்பி வந்தாள். நாற்காலியைக் கொஞ்சம் மேசைக்குக் கிட்டே தள்ளினாள்.

அரங்கநாதன் சிவப்பு மையை எடுத்தார். 'தாமதமான' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார். கண் பெட்டிமேலேயே இருந்ததில் கோடு கோணலாகப் போயிற்று. மேலே 'காலஞ்சென்ற' என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, முத்திரை குத்தினார். மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து கல்யாணப் பதிவு வெளியே வந்தது. சாவித்திரி அதை விரித்து, லோகநாதனின் இரண்டு கையெழுத்துகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தாள். இருந்தன. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள்.

வாசலில் அமிர்தவள்ளி தானாகவே பேனாவை நீட்டினாள். சாவித்திரி பெட்டியைக் குர்ஷித்திடம் கொடுத்துவிட்டு, குனிந்து, நிதானமாக எழுதினாள்.

பெயர்: லோகநாதன். வந்த நேரம்: 12.10. போன நேரம்: 12.40. தாமதத்துக்குக் காரணம்: இந்த அலுவலகம்.

கீழே விரிஞ்சிபுரம் பஸ் கிளம்ப நின்றிருந்தது. இரண்டு பேருக்கு மூன்று சீட்டு கேட்டாள்.